தலைதீபாவளி ஓட்டப்பந்தயம்

நான் ஒரு ஓட்டக்காரன் என்ற செய்தி எனக்கே பெண் பார்க்கப் போன இடத்தில்தான் தெரியவந்தது. கோயம்புத்தூர் கணபதியில் பெண் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து கேசரியை விழுங்கிக்கொண்டிருந்தேன். எங்களுடன் வந்திருந்த தூரத்துச் சித்தப்பா ஒருவர், பையனைப் பற்றிச் சொல்ல வேறு சரக்கு தீர்ந்துபோய், "காலேஜில ஓட்டப்பந்தயத்துல பரிசு வாங்குனவனுங்க" என்று எடுத்துவிட்டார். முழுப் பொய் என்று தள்ளவும் முடியாது. கல்லூரி விளையாட்டு விழாவில் நானூறு மீட்டரில் மூன்றாம் பரிசு வாங்கியிருக்கிறேன். ஓடியது மூன்று பேர். நான்காவதாகப் பெயர் கொடுத்தவனுக்கு அன்று அம்மை போட்டிருந்தது. அந்தப் பரிசில் அவனுக்கும் அம்மைக்கும் பெரிய பங்கு உண்டு.

அங்கேயே மறுத்திருக்கலாம். ஆனால் எதிரே உட்கார்ந்திருந்தவர், அதாவது பிறகு எனக்கு மாமனார் ஆனவர், பம்ப்செட் மோட்டார் பட்டறை வைத்திருப்பவர், "அப்பிடீங்களா" என்று சொல்லிவிட்டு என் கால்களைப் பார்த்தார். ஒரு மோட்டாரை வாங்குவதற்கு முன் பார்க்கிற பார்வை அது. எனக்குக் கூச்சமாகிவிட்டது. தலையைக் குனிந்துகொண்டேன். பையன் அடக்கமானவன் என்று அதற்கும் நல்ல பெயர் கிடைத்தது.

கல்யாணம் முடிந்த மறுநாள் மருதமலைக்குப் போனோம். வண்டியில் மேலே போயிருக்கலாம். ஓட்டக்கார மாப்பிள்ளை இருக்கும்போது படியில்தானே ஏற வேண்டும் என்று யாரோ சொல்ல, எல்லோரும் படி ஏறினார்கள். ஈரோட்டில் எங்கள் மஞ்சள் மண்டியில் நாளெல்லாம் உட்கார்ந்தே பழகிய உடம்பு எனக்கு. கொஞ்ச தூரத்திலேயே நெஞ்சு அடித்துக்கொள்ள ஆரம்பித்தது. மூச்சு வாங்குவது தெரியாமல் இருக்க, நின்று நின்று, கீழே தெரிந்த ஊரைக் கையால் காட்டி, "அதென்ன கட்டடம்? அது எந்த ரோடு?" என்று என் மனைவியிடம் கேட்டேன். அவள் ஒவ்வொன்றுக்கும் பொறுமையாகப் பதில் சொன்னாள். கோயில் வருவதற்குள் கோயம்புத்தூர் முழுவதையும் எனக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டாள்.

அவளைப் பற்றிச் சொல்ல வேண்டும். அந்தச் சில மாதங்களில் அவள் என்னிடம் ஒரு வார்த்தை கூட மரியாதைக் குறைவாகப் பேசியதில்லை. அதுதான் என் கவலை. எதைக் கேட்டாலும் "ஆமாங்க", "சரிங்க", "உங்க இஷ்டங்க". சினிமாவுக்குக் கூட்டிப்போய்விட்டு வந்து எப்படி இருந்தது என்று கேட்டால், "நல்லா இருந்துச்சுங்க." அதே படத்தை மறுநாள் காலையில் அடுத்த வீட்டுப் பெண்ணிடம் அவள் கிழி கிழியென்று கிழித்துக்கொண்டிருந்ததைச் சுவருக்கு இந்தப் பக்கம் பல் துலக்கிக்கொண்டே கேட்டேன். கதாநாயகன் அழுவதைப் போல அவள் அழுது காட்டியிருக்க வேண்டும், அடுத்த வீட்டுப் பெண் மூச்சு முட்டச் சிரித்தாள். என்னிடம் அப்படி ஒரு நாளும் பேசியதில்லை. நான் உள்ளே வந்தால் முந்தானையைச் சரிசெய்துகொண்டு எழுந்து நிற்பாள். ஒரு தடவை கூட எனக்கு இது வேண்டும் என்று கேட்டதில்லை.

எனக்குப் பயமாக இருந்தது. இவளுக்கு என்னைப் பிடிக்கவில்லை, மரியாதைக்காகச் சொல்லாமல் இருக்கிறாள், இப்படியே நாற்பது ஐம்பது வருஷம் எழுந்து எழுந்து நின்றுவிட்டுப் போய்விடுவாள் என்று நினைத்தேன். அப்படியே என்னிடம் அவளுக்கு ஏதாவது பிடித்திருந்தாலும் அது அந்த ஓட்டமாகத்தான் இருக்க முடியும் என்று முடிவு கட்டினேன். என்னிடம் வேறு எதுவும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

இந்த நிலைமையில் தலைதீபாவளி வந்தது. அவள் ஒரு வாரம் முன்பே கணபதிக்குப் போய்விட்டாள். நான் முந்தின நாள் சாயந்திரம் போய்ச் சேர்ந்தேன். விடிவதற்கு முன் எண்ணெய்க் குளியல், கஞ்சி மொடமொடக்கும் புது வேட்டி, இட்லிக்குக் கறிக்குழம்பு. கொங்கு நாட்டில் மாப்பிள்ளைக்கு நடக்கும் உபசாரத்தை அனுபவித்தவர்களுக்குத்தான் அது எவ்வளவு பெரிய தொந்தரவு என்று தெரியும். தண்ணீர் குடிக்க எழுந்தால் மூன்று பேர் எழுந்துவிடுவார்கள். தும்மினால் ஜன்னலைச் சாத்துவார்கள். குழம்பில் உப்பு தூக்கல் என்று முகம் சுளித்தால் அடுத்த வேளைக்கு உப்பே இருக்காது.

அந்த வீட்டில் அந்த வருஷம் ஒரு புதுச் சாமான் வந்திருந்தது. என் மனைவியின் அண்ணன், எனக்கு மச்சான், துணி வியாபாரமாகச் சிங்கப்பூர் போய்வந்தவர், அங்கிருந்து ஒரு டிவி கேம் வாங்கிவந்திருந்தார். கையில் பட்டனைப் பிடித்துக்கொண்டு அமுக்குகிற டிவி கேம் அப்போது எங்கள் பக்கத்திலும் வந்துவிட்டது. டிவியைப் பார்த்துச் சுடுகிற துப்பாக்கியைக் கூட ஈரோட்டில் ஒரு கடையில் பார்த்திருக்கிறேன். இது வேறு. கையில் பிடிக்க ஒன்றுமே கிடையாது. தரையில் விரிக்கிற ஒரு ரப்பர் பாய். அதில் சிவப்பும் நீலமுமாக வட்டங்கள். பாயிலிருந்து ஒரு ஒயர் டிவிக்குக் கீழே இருக்கும் பெட்டிக்குப் போகும். வட்டங்களின் மேல் நின்று இடம்விட்டு நகராமல் ஓட வேண்டும். நாம் ஓடினால் டிவியில் பொம்மை ஓடும், நாம் குதித்தால் அது தடையைத் தாண்டும். நின்றால் நின்றுவிடும்.

அதாவது, அது ஓட்டப்பந்தயம்.

"மாப்பிள்ளைக்குனே வந்த மாதர இருக்குது பாருங்க" என்றார் மாமனார். கூடத்தில் எல்லோரும் என் காலைப் பார்த்தார்கள். மூலையில் நின்ற என் மனைவியைப் பார்த்தேன். அவள் முகத்தில் வழக்கமான மரியாதை தவிர ஒன்றும் தெரியவில்லை.

தரை வழுக்கி மாப்பிள்ளை விழுந்துவைத்தால் என்ன ஆவது என்று மாமியாருக்குக் கவலை வந்துவிட்டது. வெறும் சிமெண்டுத் தரையில் ரப்பர் பாயில் மாப்பிள்ளையை நிற்கவைப்பதும் அவருக்கு மனம் ஒப்பவில்லை. பீரோவிலிருந்து கல்யாணத்துக்கு வாங்கிய பவானி ஜமக்காளத்தை எடுத்துவந்து விரித்து, அதன்மேல் பாயைப் போட்டார்கள். ஒயர் காலைத் தட்டக் கூடாது என்று அதை ஜமக்காளத்துக்கு அடியில் விட்டார்கள். அப்புறம் வேட்டிப் பிரச்சினை. மாமனார் முன்னால் வேட்டியை மடித்துக் கட்ட எனக்குக் கூச்சம். கணுக்கால் வரை தொங்கும் புது வேட்டியில் ஓடவும் முடியாது. அதைப் புரிந்துகொண்டு அவரே, "மடிச்சுக் கட்டிக்குங்க மாப்ள, ஊட்டுக்குள்ளதானுங்" என்று அனுமதி கொடுத்துவிட்டு, நான் கட்டி முடிக்கும் வரை சாமி படத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

முதல் பந்தயம் எனக்கும் மாமனாருக்கும். நான் சிவப்பு, அவர் நீலம். ஆரம்பத்தில் அவர் பொம்மை குபுகுபுவென்று முன்னே போனது. பட்டறையில் இரும்பு தூக்கிய உடம்பு. பாதி தூரத்தில் என்னை ஓரக்கண்ணால் பார்த்தார். என் முகம் எப்படி இருந்ததோ தெரியவில்லை, சட்டென்று நின்று, இடுப்பு வேட்டியை அவிழ்த்துச் சாவகாசமாகத் திரும்பக் கட்ட ஆரம்பித்துவிட்டார். என் பொம்மை தள்ளாடிக்கொண்டு போய்க் கோட்டைத் தொட்டது. "மாப்பிள்ளகிட்ட ஓடி ஆவுங்களா?" என்று அவர் மற்றவர்களிடம் சொன்னார்.

அடுத்தது மச்சான். அவருக்கு ஓட்டத்தின் நடுவில் காலில் முள் குத்திவிட்டது. சிமெண்டுத் தரை, அதன்மேல் ஜமக்காளம், அதன்மேல் ரப்பர் பாய், அதில் எங்கிருந்து முள் வந்தது என்று நான் யோசித்திருக்க வேண்டும். மாமியாரின் தம்பி கிளம்பவே மறந்து நின்றார். ஒவ்வொருவராகத் தோற்றார்கள். இப்போது எழுதும்போது எல்லாம் பளிச்சென்று தெரிகிறது. அன்று தெரியவில்லை. நான் என்ன நினைத்தேன் என்றால், எனக்குள் உண்மையிலேயே ஒரு ஓட்டக்காரன் இருந்திருக்கிறான், கல்லூரியில் சரியான பயிற்சி இல்லாமல் அவன் வெளியே வராமல் போய்விட்டான் என்று நினைத்தேன். சித்தப்பா எப்படியோ அதைக் கண்டுபிடித்துச் சொல்லியிருக்கிறார். மனிதரைத் தப்பாக நினைத்துவிட்டோமே என்று வருத்தம் கூட வந்தது.

மத்தியானம் கறிச்சோறு ஆனபிறகு, தீபாவளி சொல்லிப்போகப் பட்டறை ஆட்களும் வீதிக்காரர்களும் வந்தார்கள். வந்தவர்களிடமெல்லாம் மாமனார், "எங்க மாப்பிள்ள காலேஜில ஓடுனவருங்க" என்றார். கூடம் நிரம்பிவிட்டது. ஒரு ஓட்டம் காட்டச் சொன்னார்கள். காலையில் என்றால் வயிறு வலி என்று தப்பித்திருப்பேன். இப்போது நான் வேறு ஆள். கேட்பதற்கு முன்பே எழுந்து, மாமனார் அனுமதியெல்லாம் இல்லாமல் வேட்டியை மடித்துக் கட்டினேன். எனக்குச் சமமாக ஓட ஆள் இல்லாததால், பெட்டியையே எதிர்த்து ஓடுவது என்று ஏற்பாடு. சிவப்பு நான், நீலம் பெட்டியே ஓட்டுகிற பொம்மை.

முதல் ஓட்டத்தில் தோற்றேன். பெட்டிக்கு மாப்பிள்ளை என்றெல்லாம் தெரியாது அல்லவா. "சோடா கொண்டாங்க" என்று யாரோ சத்தம் போட்டார்கள். சோடா குடித்துவிட்டு, என் மனைவி நின்ற மூலையைப் பார்த்துவிட்டு, இந்தத் தடவை விட்டேனா பார் என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு தொம்தொம்மென்று மிதிக்க ஆரம்பித்தேன். ஷோகேஸில் பீங்கான் கோப்பைகள் கிலுகிலுத்தன. ஜமக்காளம் என் காலடியில் பின்னால் பின்னால் நகர்ந்ததை உணர்ந்தேன். அதெல்லாம் ஒரு ஓட்டக்காரன் கவனிக்கிற விஷயமா?

அப்புறம் நடந்ததுதான் அதிசயம். டிவியில் என் சிவப்புப் பொம்மை ஒரு கணம் நின்றது. திரை இருண்டு மீண்டும் வெளிச்சமானது. பிறகு அது ஓடியது பாருங்கள், அப்படி ஒரு ஓட்டம். தடைகளை ஒன்று விடாமல் தாண்டியது. நான் குதிக்க மறந்த இடத்திலும் அது குதித்தது. நீலப் பொம்மை எங்கோ பின்னால் கிடந்தது. திரையின் கீழே ஏதோ ஆங்கில எழுத்துகள் மின்னி மின்னி மறைந்தன. என்னைப் பாராட்டுகிறது என்று எடுத்துக்கொண்டேன். கோட்டைத் தொட்டதும் பொம்மை இரண்டு கையையும் தூக்கிக் குதித்தது. கூடமே கைதட்டியது. அத்தோடு நிற்கவில்லை, அடுத்த பந்தயம் தானாகவே தொடங்கியது, அதிலும் ஜெயித்தேன். நடுவில் மூச்சு முட்டி நான் கொஞ்சம் நின்றுவிட்டேன். பொம்மை நிற்கவில்லை. நான் விட்ட வேகத்தின் மிச்சம் இன்னும் அதற்குள் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, வேர்வையைத் துடைத்துவிட்டு நிதானமாகத் திரும்ப ஓட ஆரம்பித்தேன். மாமனாரை ஒரு முறை பார்த்தேன். அவர் டிவியைப் பார்த்தார், என் காலைப் பார்த்தார், அப்புறம் சாமி படத்தைப் பார்த்தார். "நெம்ப நல்லா ஓடறீங்க மாப்ள" என்றார்.

பட்டறை ஆட்கள் கும்பிட்டுவிட்டுக் கிளம்பினார்கள். வீட்டுக்காரர்களும் வழியனுப்ப வாசலுக்குப் போனார்கள். கூடத்தில் நானும் என் மனைவியும் மட்டும் இருந்தோம். நான் நாற்காலியில் சாய்ந்து, ஓடி முடித்தவுடன் உடனே உட்காரக் கூடாது என்று கல்லூரிப் பயிற்சியாளர் சொல்வார் என்று அவளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். உட்கார்ந்துகொண்டுதான் சொன்னேன். அவள் ஜமக்காளத்தை மடிக்கக் குனிந்தவள் அப்படியே நின்றாள்.

"ஏனுங்க."

"என்ன?"

ஜமக்காளத்துக்கு அடியிலிருந்து ஒயரை இழுத்தாள். அதன் முனை அவள் கையோடு வந்தது. பெட்டி அங்கே, ஒயர் இங்கே. டிவியில் சிவப்புப் பொம்மை இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.

"இது சொருகியே இல்லீங்க" என்றாள். "சும்மா உட்டம்னா பெட்டியே தானா ஓடிக் காட்டுமுங்க. பெட்டியில இருக்கற பட்டன அமுக்குனாத்தான் ஆட்டம் ஆரம்பிக்கும்னு அடியில எழுத்து மின்னுதுங்களே, அதானுங்க அது."

என் காது சூடாகிவிட்டது. பாராட்டு என்று நினைத்த எழுத்து இன்னும் மின்னிக்கொண்டிருந்தது. "எப்பருந்து?" என்றேன்.

"சோடா குடிச்சுப்போட்டு ஏறுனீங்களே, அப்பருந்துங்க. ஜமக்காளம் நகர நகர ஒயரு கழண்டுருச்சுங்க."

"உங்கப்பாவுக்குத் தெரியுமா?"

"எல்லாத்துக்கும் தெரியுமுங்க."

கைதட்டிய கூடம் முழுவதும் கண்முன் வந்தது. ஒயர் கழன்ற பாயின்மேல், மடித்துக் கட்டிய வேட்டியோடு, வயிறு குலுங்க நான் குதித்தது வந்தது. நின்று நிதானமாக வேர்வை துடைத்தது வந்தது. அவர்கள் வாசலில் வழியனுப்புவது போல் நின்றுகொண்டு சிரித்துக்கொண்டிருப்பார்களோ என்று காதைக் கொடுத்தேன். சிரிக்கவில்லை. பட்டறை ஆட்கள் போனதும் மோட்டார் விலை பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். சிரித்திருந்தால் கூடக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

"ஒருத்தர் கூட ஒரு வார்த்தை சொல்லலியே" என்றேன்.

"மாப்பிள்ளகிட்ட எப்பிடிங்க சொல்றது?"

"நீ மட்டும் இப்ப எதுக்குச் சொல்றே?" கோபமாகத்தான் கேட்டேன். ஆளுக்கொரு பொய் சொல்லி என்னை மேலே ஏற்றி வைத்தார்கள், இவள் ஒருத்தி வந்து ஏணியைப் பிடுங்குகிறாளே என்று ஆத்திரம்.

அவள் ஒயரைக் கையில் சுற்றிக்கொண்டாள். "நானும் சொல்லலீனா உங்களுக்கு வேற யாருங்க சொல்லுவாங்க?" என்றாள்.

நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். இவ்வளவு தூரம் வந்துவிட்டது, மிச்சத்தையும் கேட்டுவிடலாம் என்று, "காலேஜில ஓடுனேன்னு சொன்னதையாவது நம்புனியா?" என்று கேட்டேன்.

அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். "மருதமலப் படியில ஒரே கட்டடத்த ரெண்டு வாட்டி காட்டி என்னன்னு கேட்டீங்க." சொல்லி முடிக்கவில்லை, சிரிப்பு பொத்துக்கொண்டு வந்துவிட்டது. முந்தானையை வாயில் வைத்தும் நிற்கவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் நான் கேட்டது பக்கத்து வீட்டுப் பெண்ணின் சிரிப்பு. இவள் சிரிப்பை இப்போதுதான் கேட்டேன். என்னைப் பார்த்துத்தான் சிரித்தாள், எனக்கு அது சந்தோஷமாக இருந்தது. இத்தனை மாதம் அதற்குத்தானே ஏங்கிக்கொண்டிருந்தேன்.

"சரி, நீ ஓடிக் காட்டு பாக்கலாம்" என்றேன்.

உங்க இஷ்டங்க என்று சொல்வாள் என்று எதிர்பார்த்தேன். சொல்லவில்லை. ஒயரைப் பெட்டியில் அழுத்திச் செருகி, அதிலிருந்த பட்டனை அமுக்கினாள். ஒரு வாரமாக இந்த வீட்டில் அவள் என்ன செய்துகொண்டிருந்தாள் என்று அப்புறம்தான் எனக்குப் புரிந்தது. நான் சிவப்பு வட்டத்தில் ஏறி நின்றேன். அவள் நீலப் பக்கம் வந்து, முந்தானையை இடுப்பில் செருகி, பட்டுச்சேலையோடு முழங்காலிட்டு உட்கார்ந்தாள். பந்தயம் தொடங்கியதும் இரண்டு உள்ளங்கையாலும் வட்டங்களை வடை தட்டுகிற மாதிரி படபடவென்று தட்ட ஆரம்பித்தாள். பாய்க்குக் கால் எது கை எது என்று தெரியாது அல்லவா. நீலப் பொம்மை றெக்கை கட்டிக்கொண்டு போனது. நான் தொம்தொம்மென்று மிதிக்கிறேன், என் பொம்மை முதல் தடையில் முட்டி விழுந்து எழுந்து நிற்கிறது, அவளுடையது கோட்டைத் தாண்டிக் கையைத் தூக்கிக் குதிக்கிறது.

"கையில தட்டறது போங்கு" என்றேன் மூச்சு வாங்கிக்கொண்டு.

"ஆமாங்க" என்றாள், கொஞ்சமும் வெட்கமில்லாமல்.

அப்போது வாசல் பக்கம் நிழல் தெரிந்தது. மாமனார் நின்றுகொண்டிருந்தார். மகள் முழங்காலிட்டு உட்கார்ந்திருப்பதையும், மாப்பிள்ளை இரைத்துக்கொண்டு நிற்பதையும், டிவியில் நீலப் பொம்மை குதிப்பதையும் மாறி மாறிப் பார்த்தார். அவர் முகம் வெளுத்துவிட்டது.

"என்ன அம்மணி, தலைத்தீவாளியும் அதுவுமா மாப்பிள்ளயத் தோக்கடிச்சுப்போட்டயா?"

அவள் எழுந்து முந்தானையைச் சரிசெய்துகொண்டாள். என்னைப் பார்க்கவே இல்லை. "இல்லீங்கப்பா" என்றாள், எப்போதும் பேசும் அதே மரியாதையான குரலில். "நீலந்தானுங்க அவரு."

மாமனாருக்கு உயிர் வந்தது. "அதானே பாத்தேன். ஓடுன காலுங்களாச்சே" என்று சொல்லிக்கொண்டே மாப்பிள்ளைக்குக் காபி சொல்ல உள்ளே போனார்.

அவர் காலடிச் சத்தம் அடங்கும் வரை நாங்கள் இருவரும் டிவியைப் பார்த்தபடி நின்றோம். பிறகு அவள் என் பக்கம் திரும்பினாள்.

"இன்னொரு ஆட்டம் போடலாங்களா?" என்றாள்.

அவள் என்னிடம் வேண்டும் என்று கேட்ட முதல் விஷயம் அது. நான் குனிந்து ஒயர் சரியாகச் செருகியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு, வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு ஏறி நின்றேன். காபி வருவதற்குள் அவள் என்னை மறுபடியும் தோற்கடித்தாள்.